சி.ஐ.ஏ. செய்த மாயம்

ஒரு வரி. ஒரே ஒரு வரி! அதை எழுதிப்போட்டு, சேர்வரை மெல்ல ஒருமுறை தட்டிவிட்டால், நேற்றுவரைக்கும் அதற்குத் தெரியாத வித்தை ஒன்று இன்றைக்குத் தெரிந்துவிடுகிறது. தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில் சொல்லத் தெரிகிறது, பக்கத்தைச் சுருக்கி அனுப்பத் தெரிகிறது, வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டி அனுப்பத் தெரிகிறது, பனி கொட்டுகிற காலையில் "இண்டைக்குத் தமிழ் வகுப்பு இல்லை" என்று சொல்லக்கூடத் தெரிகிறது. அந்தக் கடைசி வித்தையைப் படிப்பித்தது நான். நான்! சொல்லும்போதே இப்பவும் ஒரு புல்லரிப்பு. நீங்கள் கணினிக்காரராக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கோ. நான் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் எங்கள் குடியிருப்பு. ஜோன்-தலோன் வீதியில் இறங்கி நடந்தால் ஒரு கடையில் முருங்கைக்காய், இன்னொரு கடையில் கிரேக்க நாட்டு ஒலிவ், சந்தியில் நிற்கிற சிவப்புப் பலகை பிரெஞ்சில். 1977 இல் பிரெஞ்சு மொழிச் சாசனம் வந்ததிலிருந்து எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான். தங்களுக்குள் பிரெஞ்சு, படம் பார்க்கும்போது ஆங்கிலம், பசித்தால் மட்டும் தமிழ். அந்தப் பசித்த தமிழைக் கொஞ்சம் வளர்த்துவிடுவோம் என்று வார இறுதியில் ஒரு சின்ன வகுப்பு நடத்துகிறோம். அதன் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை, சம்பளம் இல்லாத வேலை, எனக்கு. சேர்வர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கோ! நகரத்துக்குத் தென்மேற்கே போஆர்னுவா என்றொரு ஊர். அங்கே ஏறக்குறைய 1,900 மெகாவாட் மின்சாரம் எடுக்கிற நீர்மின் நிலையம், அதற்குக் கிட்ட முன்னொரு காலத்தில் அலுமினியம் உருக்கிய ஒரு பெரிய ஆலை, அந்த ஆலையைத்தான் ஓவிஎச் என்கிற பிரெஞ்சு நிறுவனம் தரவு மையமாக மாற்றி வைத்திருக்கிறது. செயின்ட் லோரன்ஸ் ஆறு சுற்றிவிடுகிற சக்கரத்தில் எங்கள் ஆனா ஆவன்னா ஓடுகிறது. இதுக்கே ஒருமுறை கைதட்ட வேண்டாமோ?

அந்தச் சேர்வரில் ஓடுவது அப்பாச்சி, கேட்டவருக்கு இணையப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற மென்பொருள். ஆயத்தமாகக் கிடைக்கிற பொதியை இறக்கிப் போட்டிருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மூலநிரலில் இருந்து கட்டிப் பார்க்கவேணும் என்று ஒரு பைத்தியம். கொன்ஃபிகர் கட்டளையைத் தட்டியதும் கறுப்புத் திரையில் வரிகள் ஓடத் தொடங்குமே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? "இது இருக்கிறதா? ஆம். அது இருக்கிறதா? ஆம். இது? இல்லை. பரவாயில்லை." ஒவ்வொரு "ஆம்" வரும்போதும் என் பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வந்ததுமாதிரி நான் உள்ளுக்குள் துள்ளுகிறேன். பிறகு மேக் என்கிற கட்டளை. பக்கத்தில் இருக்கிற காற்றாடி உறுமத் தொடங்கும், கோப்புக்கு மேல் கோப்பாக கொம்பைல் ஆகும், வெளியே மைனஸ் இருபதில் கண்ணாடி யன்னல் உறைந்துகிடக்க உள்ளே மடிக்கணினி சுடச்சுட. குளிர்காலத்தில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டோ, சொல்லுங்கோ.

இனித்தான் விசயமே இருக்கிறது. கட்டி முடிந்தபிறகு, "உன் உடம்போடு ஒட்டிப் பிறந்தவர்கள் யார் யார்?" என்று சேர்வரிடமே கேட்கலாம். எச்டிடிபிடி என்று தட்டி, ஒரு கோடு போட்டு, சின்ன எல் எழுத்து. என்னுடையதில் வந்த பட்டியல் ஒரு கைப்பிடிதான்: கோர் என்கிற மையம், இன்னும் ஓரிரண்டு, அவற்றோடு மொட்_எஸ்ஓ. அவ்வளவுதான் அப்பாச்சி! மற்றதெல்லாம், பூட்டுகிறது, சுருக்குகிறது, மொழி பார்க்கிறது, முகவரியைத் திருப்பி எழுதுகிறது, கடவுச்சொல் கேட்கிறது, எல்லாமே மொடியூல் என்று சொல்லப்படுகிற தனித்தனிக் கோப்புகளாக மொடியூல்ஸ் கோப்புறையில் படுத்திருக்கின்றன. வேண்டுமென்றால் லோட்மொடியூல் என்று ஒரு வரி, வேண்டாமென்றால் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி. டெபியன், உபுந்து என்கிற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சொகுசு: ஏ2என்மொட் என்று தட்டி மொடியூலின் பெயரைச் சொன்னால் சேர்ந்துவிடும், ஏ2டிஸ்மொட் என்றால் கழன்றுவிடும். இந்த மொட்_எஸ்ஓ இருக்கிறதே, அதுதான் மற்ற எல்லோரையும் உள்ளே அழைத்துவருகிற ஆள். அதனால் அதை மட்டும் வெளியிலிருந்து ஏற்றமுடியாது, பிறக்கும்போதே உள்ளே இருந்தாகவேண்டும். இதை முதன்முதலாக வாசித்த அன்று "அட, அப்படித்தானே இருக்கமுடியும்!" என்று நான் சத்தமாகச் சொன்னது மெட்ரோவில். எதிரே இருந்த அம்மையார் இடம் மாறி இருந்துவிட்டா.

இந்த அமைப்பை யார் யோசித்தார்கள் என்று தேடிப் போனால் இன்னும் தலை சுற்றுகிறது. இலினோய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ என்ற கணினி மையத்தில் ரொப் மக்கூல் எழுதிய சேர்வர் ஒன்று இருந்தது. 1994 இல் அவர் அங்கிருந்து போய்விட, அதை வைத்து வேலைசெய்த எட்டுப்பேர் 1995 தொடக்கத்தில் ஒன்றுகூடித் தங்கள் தங்கள் திருத்தங்களைச் சேர்த்துக் கட்டியதுதான் அப்பாச்சி. அந்த வருடமே ரொபர்ட் தாவ் என்பவர் முழு அமைப்பையும் புதிதாக வரைந்தார். மையத்தைச் சின்னதாக வைத்து, மற்றதையெல்லாம் மொடியூல்களுக்கு விட்டுக்கொடுத்த வரைபு அது. 1995 டிசம்பர் 1 அன்று 1.0 வெளிவந்தது. குழு தொடங்கி இரண்டு வருடம் ஆகமுன்னமே இணையத்தில் முதலிடம்! பிறகு பாருங்கோ, ஜெர்மனியிலிருந்து ரால்ஃப் எங்கல்ஷால் என்ற இளைஞர் 1996 இல் முகவரியைத் திருப்பி எழுதுகிற மொட்_ரீரைட் எழுதுகிறார், 1998 இல் பூட்டி அனுப்புகிற மொட்_எஸ்எஸ்எல். கிரீன்லாந்தில் பிறந்து, எங்கள் கனடாவில் வளர்ந்து, வாட்டர்லூவில் படித்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தொடங்கிய பிஎச்பி மொழி ஒரு மொடியூலாக உள்ளே வந்து உலகத்தில் எத்தனையோ தளங்களைத் தூக்கி நிறுத்துகிறது. 2015 இல் ஸ்டெஃபான் ஐசிங் எழுதிய மொட்_எச்டிடிபி2 வருகிறது, பிறகு அவரே எழுதிய மொட்_எம்டி. பூட்டுக்கான சான்றிதழை அது தானே போய் வாங்கி, காலாவதியாக முன்னம் தானே புதுப்பிக்கும். மனிதர் நித்திரை கொள்ளலாம்! இவர்கள் ஒருவரும் மற்றவருக்குச் சொந்தக்காரர் இல்லை, ஒரே கந்தோரில் வேலைசெய்தவர்களும் இல்லை. ஆனால் இவர்கள் எழுதியவை எல்லாம் என் சேர்வருக்குள் ஒரே வரிசையில் நின்று ஒரே பக்கத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கின்றன.

இந்தக் கைமாற்றத்தை எங்கள் கோயில் அன்னதானப் பந்தியை நினைத்துக்கொண்டு பார்த்தால் உடனே விளங்கும். ஒருவர் இலை போட்டுக்கொண்டு போவார், பின்னால் ஒருவர் தண்ணீர், அடுத்தவர் சோறு, அடுத்தவர் பருப்பு. ஒவ்வொருவரும் தன் முறை வந்தால் குனிவார், தன் வேலை இல்லையென்றால் பேசாமல் அடுத்த இலைக்குப் போவார். அப்பாச்சிக்குள்ளும் அதேதான்! ஒரு கேள்வி வந்ததும் படிப்படியாக நகர்கிறது: முகவரி எந்தக் கோப்பைக் குறிக்கிறது, வந்தவருக்கு அனுமதி உண்டா, கோப்பு என்ன வகை, யார் பரிமாறுவது, கடைசியில் பதிவேட்டில் எழுதுவது. ஒவ்வொரு படியிலும் "இதில் யாருக்காவது வேலை இருக்கிறதா?" என்று மொடியூல்கள் கூப்பிடப்படுகின்றன. வேலை இல்லாதது "டிக்ளைன்ட்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஒதுங்கும், இருப்பது வேலையை முடித்து "ஓகே" சொல்லும். சண்டை இல்லை, முண்டியடிப்பு இல்லை. முப்பது வருடமாகப் பந்தி நடக்கிறது!

எங்கள் வகுப்புத் தளத்துக்கு முதலில் சேர்த்தது மொட்_நெகோஷியேஷன். இதன் அருமை மொன்றியலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். முதற்பக்கத்தை மூன்று கோப்பாக வைத்தேன், ஒன்றின் வாலில் டிஏ, ஒன்றில் எஃப்ஆர், ஒன்றில் ஈஎன். மல்ட்டிவியூஸ் என்று ஒரு சொல்லைப் போட்டேன். முடிந்தது! உலாவி ஒவ்வொரு கேள்வியோடும் "எனக்கு முதலில் தமிழ் விருப்பம், இல்லையென்றால் பிரெஞ்சு, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலம்" என்று புள்ளிபோட்டு ஒரு குறிப்பு அனுப்புகிறது. நாங்கள்தான் அதைக் கவனிப்பதில்லை. மொட்_நெகோஷியேஷன் கவனிக்கிறது. நினைச்சுப் பாருங்கோ, ஒரே வீட்டில், ஒரே சோபாவில், ஒரே முகவரி. அம்மா தன் டப்லட்டில் தட்டினால் தமிழ். பக்கத்தில் இருந்து மகள் தட்டினால் பிரெஞ்சு. ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் தட்டினால் ஆங்கிலம். கொடியைத் தெரிவுசெய், மொழியைத் தெரிவுசெய் என்ற கேள்வியே இல்லை. மூன்று கருவியையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு மச்சானைப் பிடித்திழுத்து "பார், பார், திரும்பத் தட்டு" என்று நான் போட்ட கூத்தில் அவன் சாப்பாடு ஆறிப்போய்விட்டது.

அடுத்தது சுருக்கம். இதைத் தமிழ் எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும்! யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. "அம்மா" என்று எழுதினால் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். அநியாயம் என்று தோன்றுகிறதல்லவா? பொறுங்கோ. அந்த மூன்று பைட்டில் முதலாவது எந்தத் தமிழ் எழுத்துக்கும் 224 தான். இரண்டாவது 174, இல்லையென்றால் 175, வேறொன்றும் கிடையாது. மூன்றாவது மட்டும்தான் உண்மையில் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால் சுருக்குகிறவனுக்குக் கொண்டாட்டம்! மொட்_டிஃப்ளேட் பழைய ஆள், அப்பாச்சி 2.0 காலத்திலிருந்து கூடவே வருகிறது. மொட்_புரொட்லி 2017 இல் வந்து சேர்ந்தது. இரண்டையும் ஏற்றிவிட்டு எங்கள் தமிழ்ப் பக்கத்தின் அளவைப் பார்த்தபோது, பெரிய மூட்டை ஒரு சின்னப் பொட்டலமாக நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழும்பி அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். சும்மா இருக்க முடியவில்லை, வேறென்ன செய்ய?

இவ்வளவும் மற்றவர்கள் எழுதிய மொடியூல். என் சொந்தத்துக்குப் போவோம். மொன்றியல் குளிர்காலம் தெரியுந்தானே? இரவு படுக்கும்போது தெரு தெரியும், காலையில் கார் தெரியாது. அப்படிப்பட்ட ஞாயிறு காலையில் பெற்றோர் எல்லோரும் தளத்தைத் திறந்து "வகுப்பு இருக்கோ?" என்று பார்ப்பார்கள், எனக்குத் தொலைபேசி அடித்தபடி இருக்கும். மூன்று மொழியில் எத்தனையோ பக்கம், எல்லாவற்றிலும் போய் அறிவிப்பை ஒட்டிப் பிறகு கழற்றவேண்டும். அப்போதுதான் மின்னல் வெட்டியது: பக்கங்களை ஏன் தொடவேண்டும்? சேர்வரிடம் சொல்லிவிட்டால் என்ன? "பனி" என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு கிடந்தால், வெளியே போகிற எல்லாப் பக்கத்தின் தலையிலும் அந்தந்த மொழியில் ஒரு வரி சேர். கோப்பு இல்லையென்றால் பேசாமல் இரு. வேறு வழியிலும் செய்யலாம், தெரியும், சொல்லாதீர்கள். எனக்கு மொடியூல் எழுத ஒரு சாட்டு வேண்டியிருந்தது!

எழுதத் தொடங்குவது எவ்வளவு சுகம் தெரியுமா? ஏபிஎக்ஸ்எஸ் என்று ஒரு கருவி, 1998 இல் அப்பாச்சி 1.3 வந்த காலத்திலிருந்து இருக்கிறது. அதனிடம் சின்ன ஜி எழுத்தைப் போட்டு மொடியூலின் பெயரைச் சொன்னால், ஒரு கோப்புறையைத் திறந்து, மேக்ஃபைல் ஒன்றும், சி மொழியில் ஒரு மாதிரி மொடியூலும் எழுதியே கையில் தந்துவிடுகிறது. அப்படியே கொம்பைல் செய்தால் அப்படியே ஓடும், "இது மாதிரிப் பக்கம்" என்று ஒரு வரி காட்டும். வெறுங்கோப்பைப் பார்த்துப் பயப்படவேண்டிய அவசியமே இல்லை. அந்த எலும்புக்கூட்டுக்கு நான் தசை வைத்தேன். போகிற பக்கம் உள்ளே "பக்கெட்" என்று சொல்லப்படுகிற துண்டுகளாக வரிசையாக வருகிறது. என் மொடியூல் அங்கே ஒரு வடிகட்டி; ஒவ்வொரு துண்டையும் திறந்து நான் பக்கத்தில் வைத்த அடையாளத்தைத் தேடும், கண்ட இடத்தில் துண்டை இரண்டாக வெட்டி, நடுவில் அறிவிப்பைச் செருகும், பிறகு தன்னைத் தானே வரிசையிலிருந்து விலக்கிக்கொள்ளும். வேலை முடிந்தால் இடத்தைக் காலிசெய்கிற நாகரிகம்! பக்கத்தின் நீளம் மாறிவிடுகிறதால் பழைய நீளக் கணக்கைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடவேண்டும். உலாவி "என்னிடம் பழைய பிரதி இருக்கு, மாறிவிட்டதோ?" என்று கேட்டால் பனி நாளில் அந்தக் கேள்வியையும் கழற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் "மாறவில்லை" என்று பதில் போய் அறிவிப்பே தெரியாது. எந்த மொழி என்று நான் கண்டுபிடிக்கவே தேவையில்லை, மொட்_நெகோஷியேஷன் ஏற்கெனவே கண்டுபிடித்துக் குறித்து வைத்திருக்கிறது, எட்டிப் பார்த்தால் போதும். சுருக்குகிறவருக்கு முன்னால் நான் நிற்கவேண்டும், சுருக்கியபின் உள்ளே தமிழைச் செருகமுடியாதே. அதற்கும் ஒரு சொல் இருக்கிறது, வடிகட்டியைப் பதியும்போது அது எந்த வகை என்று சொல்லிவிட்டால் வரிசை தானாக அமைகிறது. "குளம்" என்று சொல்லப்படுகிற சேமிப்பிலிருந்து நினைவகம் கேட்டு வாங்கினால் திருப்பிக் கொடுக்கிற கவலைகூட இல்லை, கேள்வி முடிந்ததும் அந்தக் குளம் முழுவதையும் அப்பாச்சியே வற்றவிடும். சி மொழியில் இந்த நிம்மதி கிடைக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நான் இளமையிலேயே இதில் விழுந்திருப்பேன்!

இப்ப கேளுங்கோ, இதுதான் உச்சம். எல்லாம் எழுதி முடித்தாயிற்று. நடுச்சாமம் தாண்டிவிட்டது. வீடு நித்திரை. நான் ஏபிஎக்ஸ்எஸ் என்று தட்டி, ஒரு கோடு போட்டு, மூன்று எழுத்தைத் தட்டுகிறேன்: சி, ஐ, ஏ. ஓம், சி.ஐ.ஏ.! சி என்றால் கொம்பைல் செய், ஐ என்றால் இடத்தில் கொண்டுபோய் வை, ஏ என்றால் இயங்கவிடு. என்டர். திரையில் நீளநீள வரிகள் கடகடவென்று ஓடுகின்றன, என் நெஞ்சு அதைவிட வேகமாக ஓடுகிறது, கடைசியில் சதுர அடைப்புக்குள் ஒரு வரி நிற்கிறது, "பனி" மொடியூலை இயக்குகிறேன் என்று, என் மொடியூலின் பெயர், அப்பாச்சியின் வாயால்! போய் அமைப்புக் கோப்பைத் திறந்தால் லோட்மொடியூல் வரிகளின் கடைசியில் என்னுடையதும், அந்தக் கருவியே எழுதிவைத்துவிட்டது. சரிபார்க்கச் சொன்னேன், "சின்டாக்ஸ் ஓகே". பிறகு கிரேஸ்ஃபுல், அந்த மெல்லிய தட்டு, அந்த நேரத்தில் யாராவது பக்கம் படித்துக்கொண்டிருந்தால் அவருக்கான பரிமாறல் முடியும்வரை பழையவர் நின்று கொடுத்துவிட்டுப் போவார், புதிதாக வருபவருக்குப் புதியவர், ஒரு ஆள்கூடக் கதவடியில் நிற்கமாட்டார். பதிவேட்டில் "வழமையான இயக்கம் தொடர்கிறது" என்று ஒரு வரி. இப்போது பெரிய எம் எழுத்தைப் போட்டுப் பட்டியலைக் கேட்கிறேன், எச்டிடிபி2, எஸ்எஸ்எல், ரீரைட், நெகோஷியேஷன், புரொட்லி, எல்லாப் பெருந்தலைகளும் வரிசையாக வருகின்றன, வந்து வந்து கடைசியில், பனி_மொடியூல்! அவர்களுடைய பெயருக்குப் பக்கத்தில் போட்ட அதே "ஷெயர்ட்" என்ற சொல் என்னுடையதுக்குப் பக்கத்திலும்! பெரியவர், சிறியவர் என்று ஒரு வித்தியாசம் இல்லை, எங்கல்ஷால் எழுதியதுக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் பிஜாமாவோடு இருக்கிற நான் எழுதியதுக்கும் அங்கே ஒரே மரியாதை, ஒரே வாசல், ஒரே உரிமை. நடுங்கிற விரலால் அந்த வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டுப் பக்கத்தைத் திறக்கிறேன், உச்சியில் தமிழில் "இண்டைக்குத் தமிழ் வகுப்பு இல்லை", உலாவியின் மொழியை மாற்றித் திறக்கிறேன், பிரெஞ்சில் அதே வரி, திரும்ப மாற்றுகிறேன், ஆங்கிலம், கோப்பை அழிக்கிறேன், மாயம், ஒன்றுமே நடக்காததுமாதிரி பழைய பக்கம்! என்னை அறியாமல் "அப்பாச்சி எழும்பிட்டுது!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து அறையிலிருந்து அம்மாவின், அதாவது என் மகளுடைய அப்பாச்சியின், குரல்: "டேய், நான் எங்கையடா எழும்பினனான்? உன்ர சத்தத்திலதான் எழும்பினனான்!" மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்து, "அப்பா, அப்பாச்சிக்கு என்ன?" என்று அழப்பார்க்கிறாள். மனைவி கதவடியில் நின்று, "என்னப்பா, நடுச்சாமத்தில ஊரை எழுப்புறியள்?" என்கிறா. மூன்றுபேரையும் மடிக்கணினிக்கு முன்னால் இருத்திக் கோப்பை உருவாக்கிக் காட்டினேன், அழித்துக் காட்டினேன், திரும்ப உருவாக்கிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்ல வடிவா இருக்கு ராசா, இனிப் படு" என்றா. போதாதோ!

அதன்பிறகு வந்த முதல் பெரும் பனி ஞாயிறை நான் எதிர்பார்த்ததுபோல் இந்த நகரத்தில் ஒருவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். பனி அள்ளுகிற வண்டிகள் விடியமுன்னம் கூவிக்கொண்டு போனபோது எல்லோரும் சலித்துக்கொள்ள, நான் குதித்து எழும்பினேன். போர்வைக்குள் இருந்தபடியே கைத்தொலைபேசியில் ஒரு கட்டளை. பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தபடி இருந்தேன். டிஏ, டிஏ, எஃப்ஆர், எஃப்ஆர், ஈஎன், டிஏ என்று வரிவரியாக. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடு, வகுப்பு இல்லை என்று தெரிந்து திரும்பப் படுக்கிற ஒரு பிள்ளை! தொலைபேசி அடிக்கவே இல்லை. அந்த மௌனத்துக்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இந்த ஊருக்கே இதில் ஏதோ கை இருக்கிறது என்று எனக்கொரு நம்பிக்கை. கூகிளுக்கு முந்திய, வலைக்கே முந்திய தேடுகருவியான ஆர்ச்சி பிறந்தது இங்கே, மக்கில் பல்கலைக்கழகத்தில், 1990 இல், பார்படோசிலிருந்து படிக்க வந்த அலன் எம்டேஜ் கையால். 2018 செப்டெம்பர் 24 முதல் 27 வரை வட அமெரிக்க அப்பாச்சிகொன் மாநாடு நடந்ததும் எங்கள் மொன்றியலில்தான். வட அமெரிக்காவில் எந்த நகரத்தையும் தெரிவுசெய்திருக்கலாம், என் வீட்டிலிருந்து மெட்ரோவில் போய்வரக்கூடிய தூரத்தில் வந்து நடத்தியிருக்கிறார்கள் என்றால் இதை விதி என்றுதான் சொல்வேன்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். அப்பாச்சியின் தலைமுறை மாறினால் மொடியூலைத் திரும்ப கொம்பைல் செய்யவேண்டும், ஓம். ஆனால் அந்தக் கண்டிப்பிலும் ஓர் அழகு! வேண்டுமென்றே 2.2 காலத்துக் கோப்பு ஒன்றை 2.4 இல் ஏற்றிப் பார்த்தேன், என்ன சொல்கிறது பார்ப்போம் என்று. "41503234 என்ற கையொப்பத்தை எதிர்பார்த்தேன், 41503232 அல்லவா இருக்கிறது" என்று முறைப்பாடு. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியுங்கோ: 41 என்றால் ஏ, 50 என்றால் பி, 32 என்றால் 2, 34 என்றால் 4. ஏபி24! அப்பாச்சி 2.4! வந்தது ஏபி22! தெரியாத ஆள் உள்ளே நுழைந்து கலகம் செய்யமுன்னம் வாசலிலேயே அடையாள அட்டை பார்க்கிறார்கள். இகோர் சிசோயெவ் எழுதிய என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சேர்வர்கூட, வேகத்தில் கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை, 2016 இல் 1.9.11 வரும்வரைக்கும் ஒரு மொடியூல் சேர்க்க முழுச் சேர்வரையும் திரும்பக் கட்டவேண்டித்தான் இருந்தது. இப்போது அங்கேயும் ஒரு வரியில் ஏற்றலாம். நல்ல யோசனைக்கு எல்லோரும் ஒருநாள் வந்துதானே சேரவேண்டும்!

சரி, முடிக்கச் சொல்லி மனைவி பார்க்கிறா. ஒன்றே ஒன்று. "எனக்குச் சி மொழி தெரியாதே" என்று பின்வாங்குகிறீர்களா? மொட்_லுவா இருக்கிறது! அதை ஏற்றிவிட்டால் லுவா என்கிற சின்ன, இனிய மொழியில் நாலு வரி எழுதி அதே பந்தியில் நீங்களும் பரிமாறலாம், கொம்பைல் தேவையே இல்லை. உங்கள் ஊர் நூலகத்துக்கு, கோயிலுக்கு, பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு தளம் இருக்கும், அதற்கு இதுவரைக்கும் ஒருவரும் எழுதாத வித்தை ஒன்று தேவைப்படும். இண்டைக்கு இரவே தொடங்குங்கோ, சின்ன ஜி போட்டு எலும்புக்கூட்டை எடுங்கோ, பிறகு சி.ஐ.ஏ. அடியுங்கோ, பட்டியலில் உங்கள் மொடியூலின் பெயர் வந்து நிற்கும்போது எந்த நேரமானாலும் எனக்கு அழைத்துச் சொல்லுங்கோ. எங்கள் வீட்டில் எல்லோரும் எழும்பிப் பழகிவிட்டார்கள்.